எப்படி என்று ஒரு கேள்வி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், வேதியியல்)

உலகில் செயல்கள் சில. அவற்றைச் செய்யும் விதங்களோ பல. உண்பது ஒரு செயல். பசித்து உண்பாரும் உளர், ருசித்து உண்பாரும் உளர், வேண்டா வெறுப்பாக உண்பாரும் உளர். பேசுவது ஒரு செயல். அன்பாகப் பேசுவாரும் ஆத்திரமாகப் பேசுவாரும் ஒரே வாயால்தான் பேசுகின்றனர். நம் வீட்டுப் பெரியவர்கள் "என்ன செய்தாய்?" என்று ஒரு முறை கேட்டால், "எப்படிச் செய்தாய்?" என்று இரண்டு முறை கேட்பார்கள். இந்த 'எப்படி'க்கு விடையாக வரும் சொல்லைத்தான் ஆங்கில இலக்கணத்தார் 'அட்வெர்ப்' என்கின்றனர். தமிழில் நாம் அதனை வினையடை என்கிறோம். அடை என்றதும் தோசைக்கல்லில் வேகும் அடை சிலருக்கு நினைவு வரலாம். அந்த அடை வயிற்றை நிறைப்பது. இந்த அடை வினையை நிறைப்பது.

"ஆண்டு மலரில் எழுத வேறு பொருளே கிடைக்கவில்லையா? நிலவைப் பற்றி எழுதலாம், நட்பைப் பற்றி எழுதலாம். ஆறாம் வகுப்பு இலக்கணத்தையா எழுதுவது?" என்று என் தோழியர் கேட்கின்றனர். அவர்களுக்கு என் விடை இதுதான். நிலவு நம்மை ஒன்றும் செய்யாது. வினையடையோ நம்மைக் கைதூக்கியும் விடும், காலை வாரியும் விடும். வேதியியல் படிக்கும் மாணவி என்ற முறையிலும், வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவள் என்ற முறையிலும், நான் கண்டறிந்த வரையில் இதனை எடுத்துரைக்க விரும்புகிறேன். முதலாண்டில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கையருக்கு இது சிறிதளவேனும் பயன்பட்டால் மகிழ்வேன்.

என் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையில் உள்ள ஒரு சிற்றூர். மழையை நம்பிப் பருத்தியும் மக்காச்சோளமும், கிணற்றை நம்பிச் சின்ன வெங்காயமும் விளையும் பூமி. அம்மா வெங்காயக் காட்டில் களை எடுக்கப் போகிறார். அப்பா சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறார். இருவருமே பத்தாம் வகுப்பைக் கண்டவர் அல்லர். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பயின்றேன். கல்லூரிக்கு வந்ததும் அமிலம் 'ஆசிட்' ஆயிற்று. காரம் 'பேஸ்' ஆயிற்று. வீழ்படிவு 'பிரெசிபிடேட்' ஆயிற்று. பெயர்ச்சொற்கள் என்னை அதிகம் அச்சுறுத்தவில்லை. புதிதாக வந்த மருமகள் உறவினர் பெயரையெல்லாம் கற்றுக்கொள்வது போல, இரண்டு மூன்று வாரங்களில் அவற்றைக் கற்றுக்கொள்ளலாம். வினைச்சொற்களும் எண்ணி விடக் கூடியவைதாம். சேர், சூடாக்கு, குலுக்கு, வடிகட்டு. பத்துப் பதினைந்து சொற்களில் ஓராண்டுச் செய்முறை முடிந்துவிடும். ஆனால், அந்த வினைகளுக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு வந்த சிறு சொற்களில்தான் உண்மையான பாடம் இருந்தது.

செய்முறைக் கையேட்டை எடுத்துப் பாருங்கள். 'ஸ்லோலி', 'ஜென்ட்லி', 'விகரஸ்லி', 'கான்ஸ்டன்ட்லி', 'ட்ராப்வைஸ்' என்று வரிக்கு வரி வரும். மெதுவாக, இதமாக, வேகமாக, இடைவிடாமல், துளித்துளியாக என்பன அவற்றின் பொருள். அவசரத்தில் படிக்கிறவர்கள் இச்சொற்களைத் தாண்டிப் போய்விடுகின்றனர். 'ஆட்' என்று இருக்கிறதா? சேர்த்துவிட்டோம். 'ஹீட்' என்று இருக்கிறதா? சூடாக்கிவிட்டோம். எப்படிச் சேர்க்கச் சொன்னார்கள், எப்படிச் சூடாக்கச் சொன்னார்கள் என்பதைப் பார்ப்பதில்லை. அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது அமிலத்தைத்தான் நீரில் சேர்க்க வேண்டும். அதுவும் மெதுவாக, கலக்கிக்கொண்டே சேர்க்க வேண்டும். ஏனெனில் அவை கலக்கும்போது பெருமளவு வெப்பம் வெளிப்படுகிறது. அமிலத்தின் மேல் நீரை ஊற்றினாலோ, நீரில் அமிலத்தை மளமளவென்று கொட்டினாலோ, கலவை கொதித்து முகத்தில் தெறிக்கக் கூடும். இங்கே 'ஸ்லோலி' என்பது வெறும் இலக்கணமா? கண்ணைக் காக்கும் சொல் அல்லவா?

நைட்ரேட்டைக் கண்டறியும் பழுப்பு வளையச் சோதனையை எல்லாரும் அறிவீர்கள். உப்புக் கரைசலில் புதிதாகத் தயாரித்த பெரஸ் சல்பேட் கரைசலைச் சேர்க்கிறோம். பிறகு சோதனைக் குழாயைச் சாய்த்து, அதன் உட்சுவர் வழியாக அடர் கந்தக அமிலத்தை மெதுவாக வழியவிடுகிறோம். அமிலம் கனமானது, ஆகவே அடியில் போய்த் தங்குகிறது. இரண்டு நீர்மங்களும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு நிறத்தில் ஓர் அழகிய வளையம் தோன்றுகிறது. அதே அமிலம், அதே உப்பு, அதே குழாய். படக்கென்று ஊற்றிக் குலுக்கிவிட்டால் வளையம் இல்லை. பொருளும் மாறவில்லை, வினையும் மாறவில்லை. வினையடை மட்டுமே மாறியது. விடை போயிற்று!

பெர்மாங்கனேட்டைக் கொண்டு ஆக்ஸாலிக் அமிலத்தைத் தரம் பார்ப்பது இதனினும் சுவையானது. சூடான ஆக்ஸாலிக் அமிலக் கரைசலில் முதல் துளி விழும்போது அதன் ஊதா நிறம் மறையச் சற்று நேரமாகும். பொறுத்திருந்தால், அடுத்தடுத்த துளிகள் விரைவாக நிறமிழக்கும். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனிகளே அந்த வினையை வேகப்படுத்துவதுதான் காரணம். முதலில் மெதுவாக, பிறகு விரைவாக, முடிவில் துளித்துளியாக. இளஞ்சிவப்பு நிறம் மறையாமல் நிற்கும் அந்த ஒரு துளிக்காகப் பியூரெட்டின் திருகில் விரலை வைத்துக்கொண்டு நிற்கும்போது, அந்தச் சோதனை முழுவதையும் மூன்று வினையடைகளில் சொல்லிவிடலாமே என்று நான் எண்ணியதுண்டு.

அன்று முதல் இச்சொற்களை முறையாகக் கற்பது என்று முடிவு செய்தேன். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டத்தைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் தொடங்கியது. அந்தப் பணத்தில் பேருந்துச் செலவு போக மிஞ்சியதைச் சேர்த்து, பழைய புத்தகக் கடையில் ரென், மார்ட்டின் என்னும் இருவர் எழுதிய ஆங்கில இலக்கண நூலை வாங்கினேன். இந்தியப் பள்ளிகளுக்காக 1930களில் எழுதப்பட்ட நூல் அது. அவர்களுள் ரென் என்பவர் புகழ்பெற்ற நாவலாசிரியரும் ஆவார். எனக்கு முன் அந்த நூலை வைத்திருந்தவர் யாரோ, வினையடை அதிகாரத்தில் மட்டும் பென்சிலால் நிறையக் கோடு போட்டிருந்தார். நமக்கு ஒரு துணை உண்டு என்று மகிழ்ந்தேன்.

முதலில், வினையடையை எப்படி அடையாளம் காண்பது? வினைச்சொல்லை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க வேண்டும். எப்படி, எப்போது, எங்கே, எத்தனை முறை, எவ்வளவு என்று கேட்டால் எந்தச் சொல் எழுந்து நின்று விடை சொல்கிறதோ, அதுவே வினையடை. 'பஸ் நேற்று இங்கே தாமதமாக வந்தது' என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். 'யெஸ்டர்டே' எப்போது என்பதற்கு விடை. 'ஹியர்' எங்கே என்பதற்கு விடை. 'லேட்' எப்படி என்பதற்கு விடை. மூன்றும் வினையடைகளே. இவற்றுள் ஒன்றேனும் 'லி' என்று முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்னொன்றையும் மறத்தலாகாது. பெயருக்கு வினையடை என்று வைத்தாலும், இது வினையை மட்டும் சார்ந்து நிற்பதன்று. 'வெரி கோல்ட்' என்னும்போது 'வெரி' பெயரடையைச் சார்ந்தது. 'வெரி ஸ்லோலி' என்னும்போது அதே 'வெரி' இன்னொரு வினையடையைச் சார்ந்தது. பெயர்ச்சொல்லைச் சார்ந்து நின்றால் அது பெயரடை. மற்றவற்றைச் சார்ந்து நின்றால் பெரும்பாலும் வினையடை என்று நினைவிற் கொள்ளலாம்.

'லி' என்று முடிந்தால் வினையடை என்று நாம் பள்ளியில் மனப்பாடம் செய்ததுண்டு. இது பாதி உண்மை. 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி', 'லோன்லி', 'அக்லி', 'சில்லி' ஆகியவை பெயரடைகள். 'ஃபேமிலி' பெயர்ச்சொல். 'ரிப்ளை', 'சப்ளை', 'அப்ளை' ஆகியவற்றை எழுதிப் பாருங்கள். அவற்றின் கடைசி இரண்டு எழுத்துகளும் அவையேதாம். அவ்வளவு ஏன், ஜூலை மாதமும் அந்த இரண்டு எழுத்துகளில்தான் முடிகிறது! காக்கிச் சட்டை அணிந்தவரெல்லாம் காவலர் அல்லர். அவருள் பேருந்து நடத்துநரும் இருப்பார், தபால்காரரும் இருப்பார். தமிழிலும் இதே நிலைதான். 'அழகாக' என்பதில் வரும் 'ஆக' வினையடையை உண்டாக்குகிறது. 'எனக்காக' என்பதில் வரும் 'ஆக' அந்த வேலையைச் செய்வதில்லை. உருவைப் பார்த்து ஏமாறாமல், அது செய்யும் தொழிலைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, வேறு சொற்களிலிருந்து வினையடையை உண்டாக்கும் முறை. பெயரடையோடு 'லி' சேர்ப்பதே பெருவழி. 'க்விக்' என்பது 'க்விக்லி' ஆகும். 'ஹேப்பி', 'ஈஸி' போல 'ஒய்' எழுத்தில் முடிவன, அந்த எழுத்தை 'ஐ' ஆக்கிக்கொண்டு 'லி' ஏற்கும். 'ஜென்டில்', 'சிம்பிள்' போன்றவை கடைசி 'இ'யை விட்டு 'ஜென்ட்லி', 'சிம்ப்ளி' ஆகும். 'ட்ரூ' என்பதும் தன் 'இ'யை இழந்தே 'ட்ரூலி' ஆகிறது. ஆனால் 'சின்சியர்' தன் 'இ'யை விடாமல் வைத்துக்கொண்டு 'சின்சியர்லி' ஆகிறது. 'பேசிக்' போல 'இக்' என்று முடிவன இடையில் 'ஏ', 'எல்' என்னும் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டு 'பேசிக்கலி' என்றாகும். 'பப்ளிக்' மட்டும் இவ்வழக்கத்துக்கு உடன்படாமல் 'பப்ளிக்லி' என்று நேராக நிற்கும். 'குட்' என்பதற்கு 'குட்லி' கிடையாது. 'வெல்' என்று வேறு வேரிலிருந்து ஒரு சொல் வந்து அந்த இடத்தில் அமர்கிறது. 'டிஃபிகல்ட்' என்பதற்கு வழக்கில் உள்ள வினையடையே இல்லை; 'வித் டிஃபிகல்டி' என்று இரண்டு சொல்லாகத்தான் சொல்ல வேண்டும். கடினத்தை ஒரே சொல்லில் கடக்க ஆங்கிலத்தாலும் முடியவில்லை போலும்!

பெயரடையிலிருந்து மட்டுமன்றிப் பிற சொற்களிலிருந்தும் வினையடை பிறக்கும். 'டே' என்னும் பெயர்ச்சொல்லிலிருந்து 'டெய்லி' வருகிறது. அது பெயரடையாகவும் வினையடையாகவும் வேலை செய்யும். 'லவ்' என்னும் வினை 'லவிங்' ஆகி, பிறகு 'லவிங்லி' ஆகும். 'ரிப்பீட்' என்னும் வினை 'ரிப்பீட்டட்' ஆகி, 'ரிப்பீட்டட்லி' ஆகும். 'வைஸ்' என்னும் ஈற்றுக்கு வகை, விதம் என்பது பழைய பொருள். அதனால் 'ட்ராப்வைஸ்' துளி வகையில். 'க்ளாக்வைஸ்' கடிகாரம் சுற்றும் வகையில். 'வார்ட்' என்னும் ஈறு திசை காட்டும். 'ஹோம்வார்ட்' வீடு நோக்கி. 'சைட்', 'ஷோர்' ஆகிய பெயர்ச்சொற்களின் முன்னே ஓர் 'அ' சேர்ந்தால் 'அசைட்', 'அஷோர்' என்று வினையடைகள் ஆகும்.

சொல்லப் போனால், வினையடை நமக்குப் புதியதன்று. மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ நாம் எழுதிய முதல் விடுப்பு விண்ணப்பத்தின் அடியில் என்ன எழுதினோம்? 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' என்றுதானே! காய்ச்சல் வந்ததோ இல்லையோ, அந்த வினையடை தவறாமல் வந்தது. தமிழ் விண்ணப்பத்தில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி' என்று எழுதுவோம். அங்கே கீழ்ப்படிதல் மாணவியைச் சார்ந்த அடை. ஆங்கிலத்தில் அதே கீழ்ப்படிதல் வினையடையாக வந்து கையெழுத்துக்கு மேலே நிற்கிறது. பொருள் தெரியாமலே பத்து ஆண்டுகள் ஒரு சொல்லுக்குக் கீழே நம் பெயரை எழுதி வந்திருக்கிறோம்.

நிற்க. இவ்விலக்கணத்தில் மிகவும் எச்சரிக்கையாக நடக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சில பெயரடைகள் எவ்வித மாற்றமும் இல்லாமல் வினையடையாகவும் வரும். 'ஃபாஸ்ட்', 'லேட்', 'ஏர்லி' ஆகியன அத்தகையன. 'ஃபாஸ்ட்லி' என்று ஒரு சொல் வழக்கில் இல்லை. வேறு சில சொற்கள் 'லி' ஏற்றால் பொருளே மாறிவிடும். 'லேட்' தாமதமாக, 'லேட்லி' அண்மைக் காலமாக. 'நியர்' அருகில், 'நியர்லி' ஏறக்குறைய. கடுமை என்னும் பொருள் தரும் 'ஹார்ட்' என்ற சொல்லோ 'லி' ஏற்றதும் தலைகீழாகிவிடுகிறது. 'ஹார்ட்' கடுமையாக, 'ஹார்ட்லி' அரிதாகவே, பெரும்பாலும் இல்லை.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். அவரும் வீட்டில் முதல் பட்டதாரி. அவருடைய தந்தையும் என் தந்தையைப் போலவே லாரி ஓட்டுகிறவர்; இரவு பகல் பாராமல் சுண்ணாம்புத் தூசியில் வேலை செய்து அவரைப் படிக்க வைத்தவர். அண்ணன் ஒரு தனியார் நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். 'என் தந்தை கடுமையாக உழைக்கிறார்' என்பதை ஆங்கிலத்தில் சொல்ல நினைத்தார். வினையடைக்கு 'லி' சேர்க்க வேண்டும் என்னும் விதியை நம்பினார். 'மை ஃபாதர் ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றார். என் தந்தை பெரும்பாலும் வேலையே செய்வதில்லை என்பது அதன் பொருள். எதிரில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்பது அவருக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு ஒரு நண்பர் விளக்கினாராம்.

அண்ணன் இதனை ஊர்த் தேநீர்க் கடையில் வேடிக்கையாகத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் தம் தந்தையிடம் மட்டும் இதனை அவர் இன்றளவும் சொல்லவில்லை. முப்பது ஆண்டு உழைப்பைச் சொல்லப் போன வாக்கியம், இரண்டே எழுத்துகளால் உழைத்தவரைச் சோம்பேறி ஆக்கிவிட்டது. நண்பர்களே, ஆங்கிலம் தெரியாதது குற்றமன்று. அது நம் தாய்மொழியும் அன்று. ஆயினும், நம்மைப் பெற்றவர்களைப் பற்றி நாம் பிறரிடம் சொல்லும் முதல் வாக்கியமேனும் பிழையின்றி இருக்க வேண்டும் என்று அன்று தோன்றியது. 'மை ஃபாதர் ஒர்க்ஸ் ஹார்ட்.' இதில் 'லி' இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை எல்லாரும் மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த 'லி' எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். பழைய ஆங்கிலத்தில் 'லிக்' என்ற சொல்லுக்கு உடல், உருவம் என்று பொருளாம். அச்சொல்லே தேய்ந்து 'லி' ஆயிற்று. இன்று 'போல' என்னும் பொருளில் வழங்கும் 'லைக்' என்பதும் அதன் உறவே. பிரெஞ்சு மொழியில் வினையடைகளுக்குக் கடைசியில் வரும் ஈறு, மனம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் தமிழிலோ 'ஆகு' என்னும் வினையிலிருந்து வந்த 'ஆக', 'ஆய்' என்பவை அந்த வேலையைச் செய்கின்றன. ஆங்கிலேயர் ஒரு செயலின் விதத்தைச் சொல்ல உடலைத் துணைக்கு அழைத்தார்கள். பிரெஞ்சுக்காரர் மனத்தை அழைத்தார்கள். தமிழர் ஆகுதலை அழைத்தார்கள். ஒரே 'எப்படி'க்கு மூன்று மக்களின் மூன்று விடைகள்! மொழி கற்பதில் இத்தகைய இன்பமும் இருக்கிறது.

1856 ஆம் ஆண்டு திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், வினையடை என்று தனியே ஒரு சொல்வகை இம்மொழிகளில் இல்லை, பெயரும் வினையும் சேர்ந்தே அந்தப் பணியைச் செய்கின்றன என்ற கருத்தைக் கூறியுள்ளார். அதனால் நாம் ஏழைகள் ஆகிவிட்டோமா? இல்லை. வந்து, ஓடி, சிரித்து என்னும் வினையெச்சங்கள் நமக்கு உண்டு. சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று மிகுதியைச் சொல்லும் உரிச்சொற்கள் உண்டு. மெல்ல, நன்கு போன்றவையும் உண்டு. இவை எல்லாவற்றையும் விட, பிள்ளைகளும் அறிந்த இரட்டைக்கிளவிகள் உண்டு. மளமளவென்று, சடசடவென்று, குடுகுடுவென்று, பளபளவென்று. மழை எப்படிப் பெய்தது என்றால் 'சோவென்று' என்கிறோம். லாரி எப்படிப் போயிற்று என்றால் 'தடதடவென்று' என்கிறோம். இவற்றை ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சொல்ல முயன்று பாருங்கள். அப்போது தெரியும் நம் பாட்டிமார் எத்தகைய சொற்செல்வர் என்பது! காலையில் நான் புறப்படும்போது அம்மா "பாத்துப் போ பாப்பா" என்கிறார். தேர்வு நாளில் "நெதானமா எழுது" என்கிறார். மழை இருட்டிக்கொண்டு வந்தால் அப்பா தொலைபேசியில் "சுருக்கா வா" என்கிறார். பள்ளியை முடிக்காத இவ்விருவரும் வினையடை இல்லாமல் ஒரு நாளும் என்னிடம் பேசியதில்லை. எனவே, இந்தப் பாடம் நமக்கு அந்நியமன்று. பெயர்தான் அந்நியம்.

நம் மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளில் கடல் இருந்தது. காரை முதலிய இடங்களில் கிடைக்கும் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் அதற்குச் சான்று. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. மரம் கல்லாக மாறிய அதிசயம். அந்தக் கடல் எப்படி விலகியது? 'கிராஜுவலி'. படி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது இச்சொல். நாமும் 'படிப்படியாக' என்றே சொல்கிறோம். இரு மொழிகளும் ஒரே படிக்கட்டில் ஏறியிருக்கின்றன. அந்தக் கடலின் அடியில் சுண்ணாம்புக்கல் எப்படிச் சேர்ந்தது? 'ஸ்லோலி'. இன்று சிமெண்ட் ஆலைகளுக்காக அதை எப்படி வெட்டி எடுக்கிறோம்? 'ராப்பிட்லி'. என் தந்தையின் சோறும் அந்தச் சுண்ணாம்புக்கல்லில்தான் இருக்கிறது. ஆகவே ஆலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெதுவாகச் சேர்ந்ததை விரைவாகச் செலவிடுகிறோம் என்ற கணக்கைத்தான் சொல்கிறேன். 'சுண்ணாம்புக்கல் உண்டானது, நாம் எடுக்கிறோம்' என்று வினையை மட்டும் சொன்னால் இந்தக் கணக்கு வெளியே தெரியாது. வினையடை வந்த பிறகே நாம் சற்று நின்று யோசிக்கிறோம்.

அரியலூரின் வரலாற்றில் ஒரு வினையடை நாட்டையே நிமிர்ந்து பார்க்க வைத்தது. 1956 நவம்பர் 23 அன்று, பெருமழையால் மருதையாற்றில் வெள்ளம் பெருகிப் பாலம் சேதமுற, தூத்துக்குடி விரைவு ரயில் அரியலூருக்கு அருகே விபத்துக்குள்ளானது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது ரயில்வே அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அவர் ரயிலை ஓட்டியவரும் அல்லர், பாலத்தைக் கட்டியவரும் அல்லர். 'டைரக்ட்லி', அதாவது நேரடியாக, அவர் பொறுப்பாளி இல்லை. 'மாரலி', அதாவது தார்மிகமாக, தாம் பொறுப்பு என்று கருதிப் பதவி விலகினார். 'ரெஸ்பான்சிபிள்' என்னும் பெயரடை இரண்டு இடத்திலும் ஒன்றே. அதன் முன்னால் வந்து நின்ற வினையடை எது என்பதில்தான் அந்த மனிதரின் உயரம் இருந்தது. அதே நவம்பர் 23 ஆம் நாளில்தான், 2007 ஆம் ஆண்டில், அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானது. அந்த நாள் வரும்போதெல்லாம் மாவட்டத்தின் பிறந்தநாளோடு இந்த வினையடையையும் நாம் நினைவு கூரலாம்.

இறுதியாக, தம்பி தங்கையருக்குச் சில சொற்கள். தனியாக இலக்கணப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். அது தேர்வு முடிந்த அன்றே பறந்துவிடும். உங்கள் செய்முறைக் கையேட்டையே இலக்கண நூலாகக் கொள்ளுங்கள். இயற்பியல் படிப்பவர்க்கு 'யூனிஃபார்ம்லி' வரும். தாவரவியல் படிப்பவர்க்கு 'லாங்கிட்யூடினலி' வரும். கணிதம் படிப்பவர்க்கு 'ரெஸ்பெக்டிவ்லி' வரும். ஒவ்வொன்றிலும் 'லி'யை எடுத்துவிட்டு எஞ்சிய சொல்லைப் பாருங்கள். அச்சொல் எதைச் சார்ந்து நிற்கிறது என்று கேளுங்கள். பிறகு, அதனை உங்கள் அம்மா எப்படிச் சொல்வார் என்று யோசியுங்கள். நாளுக்கு ஒரு சொல் போதும். மூன்றாண்டு முடிவதற்குள் ஆயிரம் சொற்கள் உங்கள் கையில் இருக்கும்.

என் தங்கை ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு இரவில் நான்தான் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். சென்ற வாரம் அவள், "அக்கா, ஃபாஸ்ட்டுக்கு மட்டும் ஏன் லி போடக் கூடாது?" என்று கேட்டாள். "அதுக்கு அவசரம், லி போடுற வரைக்கும் நிக்காது" என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். அம்மா அருகில் மறுநாளைக்கு விதை வெங்காயத்தை ஆய்ந்துகொண்டிருந்தார். "என்னத்தடி சிரிக்கிறீங்க? மெதுவாப் பேசுங்க, அப்பா தூங்குறாரு" என்றார். தங்கை உடனே நோட்டைத் திருப்பி, மெதுவாக என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்லோலி'யா 'சாஃப்ட்லி'யா என்று கேட்டாள். நல்ல கேள்வி. தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் வேகத்துக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று. இரண்டையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவள் கல்லூரிக்கு வரும்போது, செய்முறைக் கையேட்டில் உள்ள அந்தச் சிறு சொற்களைத் தாண்டிப் போக மாட்டாள் என்று நம்புகிறேன். நம் கல்லூரியில் இனி அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு முதல் பட்டதாரியும் அவ்வாறே இருக்க வேண்டும் என்பது என் அவா.